கிணற்றின் மேல் சமையலறை

வீட்டை விற்றுவிட்டு வந்தால் தீட்சை தருகிறேன் என்று மடத்துச் சாமி சொன்ன நாளிலிருந்து வடமலைக்கு வீட்டின் மேல் அக்கறை கூடிவிட்டது. துறவு வாங்கப் போகிற மனிதர் பெயின்ட் டப்பா வாங்கிக்கொண்டு அலைந்தார். வாசல் கதவுக்கு வார்னிஷ் அடித்தார். வருடக்கணக்காகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கேட்டுக்கு எண்ணெய் விட்டார். மனைவி செங்கமலம் உயிரோடு இருந்தபோது கரடியாய்க் கத்தியும் செய்யாத வேலையெல்லாம் அந்த ஒரே மாதத்தில் நடந்தது.

செங்கமலம் இறந்து நான்கு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த வடமலை அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். இனிமேல் இரண்டு பேரும் ஆற அமர உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று நினைத்திருந்த நேரத்தில் அவள் போய்விட்டாள். அந்த வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், ஒரு நாள் கால் போன போக்கில் நடந்து, சிறுமலை அடிவாரத்தில் கொய்யாத் தோப்புக்கு நடுவே இருந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே இருந்த சாமிக்குத் தாண்டவ அடிகள் என்று பெயர். யார், எந்த ஊர் என்று சாமி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பாயை விரித்துப் போட்டார். வடமலை அதில் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் அழுதார். மறுநாளும் வந்தார். நாளாக ஆக அழுகை நின்று, வெறுமனே உட்காருவது பழகிவிட்டது. அந்தப் பாய் மட்டும் இல்லையென்றால் நான் கிறுக்குப் பிடித்துத் தெருவில் நின்றிருப்பேன் என்று அவரே எல்லோரிடமும் சொல்லுவார்.

சாமிக்கு வடமலையைவிட வயது ரொம்பக் குறைவு. அதனால் அவர் தன் சீடரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். சீடரை அண்ணே என்று கூப்பிடுகிற குருவை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று டவுனில் கேலி பேசினார்கள். இரண்டு பேருமே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மடத்திலேயே தங்கிவிட வேண்டும், தீட்சை வாங்க வேண்டும் என்பது வடமலையின் ஆசை. அதைக் கேட்டபோதுதான் சாமி வீட்டுப் பேச்சை எடுத்தார்.

"அண்ணே, உங்க உடம்பு இங்க உக்காந்திருக்கு. மனசு பொழுதுக்கும் டவுனுக்குப் போய், கதவு பூட்டியிருக்கான்னு பாத்துட்டு வருது. மொதல்ல அதை முடிச்சிட்டு வாங்க."

வடமலைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. விற்று வருவதைச் செங்கமலத்தின் தங்கை குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவதென்றும் முடிவு செய்தார். புரோக்கர் சின்னக்காளையைப் பிடித்தார்.

சின்னக்காளை நாலைந்து பேரைக் கூட்டி வந்தான். ஒருவருக்குத் தெரு பிடிக்கவில்லை. ஒருவருக்கு வாசல் பார்த்த திசை பிடிக்கவில்லை. கடைசியாக மரியபுஷ்பம் வந்தார்.

மரியபுஷ்பம் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். கணவர் லோடு ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுப்பார். வாடகை வீடு. கிரைண்டர் சத்தம் தாங்கவில்லை என்று வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சொந்தமாக ஒரு வீடு கிடைத்தால்தான் தொழில் நிற்கும் என்ற நிலைமை.

அவர் முன்கூடத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய் நின்றார். அகலமான, வெளிச்சமான சமையலறை. டைல்ஸ் பளபளவென்று இருந்தது.

"இந்த அடுப்படிக்காகவே வாங்கலாம்யா," என்றார். "இந்தா, நடுவுல நாலு கிரைண்டரையும் வரிசையாப் போட்டுட்டா, சுத்திச் சுத்தி நின்னு வேலை பாக்கலாம். பிள்ளைங்களும் இந்த ஓரத்துலயே உக்காந்து படிச்சுக்கிரும்."

வடமலை சுவரோரமாகவே நின்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தம்மா சந்தோஷமாகப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். அந்தச் சமையலறைக்குக் கீழே ஒரு கிணறு இருந்தது.

முன்பு அது பின்கட்டில் திறந்து கிடந்த கிணறு. சமையலறை குறுகலாக இருக்கிறது என்று செங்கமலம் சொன்னதால் பின்பக்கம் இழுத்துக் கட்டினார்கள். கிணறு உள்ளே வந்துவிட்டது. மண்ணைக் கொட்டித் தூர்த்துவிட்டால் தரை கல்லாட்டம் நிற்கும் என்றார் கொத்தனார். செங்கமலம் கேட்கவில்லை.

"நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து தண்ணி குடுத்த கெணறு. அது வாயில மண்ணை அள்ளிப் போட்டா நம்ம குடும்பம் விளங்குமா?"

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. கிணற்றை மூடலாம். தூர்க்கக் கூடாது. அதனால் வாயின் மேல் கருங்கல் பலகைகளைப் பாவினார்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, விழுந்து கும்பிட்டுவிட்டு, மேலே தரை போட்டார்கள். கிணற்றுக்கு நன்றி சொன்னதெல்லாம் சரி. ஆனால் நன்றி சொன்ன இடத்துக்கு அடியில் நாற்பதடிக்கு ஒன்றுமே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் நல்ல மழை பெய்தபோது நடுத்தரை ஒரு விரல்கடை இறங்கியது. வடமலை சிமென்ட் பூசிச் சமப்படுத்தி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். விற்கிற எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. ஒட்டிய பிறகு, அங்கே ஒரு கிணறு இருந்தது என்று சத்தியம் செய்தால்கூட யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு சுத்தமான வேலை.

பத்திரத்துக்காக ஒரு வக்கீலைப் பார்த்தபோது, வடமலை பட்டும் படாமலும் விசாரித்தார். வக்கீல் தெளிவாகச் சொன்னார். கண்ணால் பார்த்துத் தெரிகிற குறையை வாங்குகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறை, விற்கிறவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியே ஆக வேண்டும். கேட்கவில்லையே என்று தப்பிக்க முடியாது. சொல்லாமல் விற்றால் சட்டப்படி அது ஏமாற்று வேலை.

சின்னக்காளையிடம் இதைச் சொன்னார்.

"அந்தம்மா கேட்டுச்சா?"

"கேக்கலை."

"அப்பறம் என்னத்த?"

"கேக்காட்டியும் சொல்லணும்னு வக்கீல் சொல்றாரு."

"வக்கீலு வீடு விக்கலை. நீங்க விக்கிறீங்க. இத்தனை வருசம் விழாத தரை, அந்தம்மா வந்ததும் விழப்போகுதாக்கும்."

வடமலை இரண்டு நாள் சாப்பாடு பிடிக்காமல் கிடந்தார். மூன்றாம் நாள் மடத்துக்குப் போனார். சாமி கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து வேட்டிக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"வீடு விக்கிறவன் வாங்குறவங்ககிட்ட எவ்வளவு சொல்லணும்?"

சாமி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"எனக்கு வீடு வித்துப் பழக்கமில்லை. நாளைக்கு நான் வாங்க வர்றேன். எனக்குக் காட்டுங்க."

"நீங்களா?"

"சும்மாதான். ஆனா வாங்க வந்தவன்கிட்ட எப்பிடிச் சொல்லுவீங்களோ அப்பிடிச் சொல்லணும்."

மறுநாள் காலையில் சாமி நடந்தே டவுனுக்கு வந்தார். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். வடமலை கேட்டைத் திறந்துவிட்டார். அது சத்தமே போடவில்லை.

"வாங்க சாமி. தேக்குக் கதவு. இப்ப இந்த மாதிரி மரம் கெடைக்காது."

"நல்லா இருக்கு."

"முன்கூடம். கோடையில ஃபேன் வேண்டாம்."

"நல்லது."

"இது படுக்கை ரூம்பு. அலமாரி உண்டு. ஒரு சொட்டு ஒழுகாது."

"ம்."

வேடிக்கை என்னவென்றால், எவ்வளவு சொல்ல வேண்டும் என்று கேட்டவரே இவர்தான். அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் சாமி மெனக்கெட்டு வந்திருந்தார். இருந்தும் வாய் தன்பாட்டுக்கு விற்றுக்கொண்டு போனது. வடமலைக்கே அது தெரியத்தான் செய்தது. நிறுத்த முடியவில்லை.

"இது அடுப்படி. நல்ல வெளிச்சம். புது டைல்ஸ்."

சாமி வாசலில் நின்றார். வடமலை உள்ளே போய், சுவரை ஒட்டியே நடந்து, மேடையைச் சுற்றி, எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, மறுபடியும் சுவரை ஒட்டியே திரும்பி வந்தார்.

"அண்ணே."

"சொல்லுங்க சாமி."

"ஜன்னலுக்கு நேர்வழி நடுவுலதானே இருக்கு. ஏன் சுத்திப் போனீங்க?"

வடமலை திரும்பி, தான் நடந்து வந்த வழியைப் பார்த்தார். மூன்று வருடமாக அப்படித்தான் நடக்கிறோம் என்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"குளுகுளுன்னு இருக்கு இந்தத் தரை," என்றார் சாமி. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "நடந்து வந்தது அலுப்பா இருக்கு. நடுவுல செத்த நேரம் படுத்துக்கறேன்."

ஒரு அடி எடுத்து வைத்தார்.

வடமலை பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். நான்கு வருடத்தில் குருவின் கையை அவர் தொட்டதே இல்லை. இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் கதவில் போய் மோதிக்கொண்டார்கள்.

"வேண்டாம் சாமி. அங்க வேண்டாம்."

"ஏன்?"

"கீழ கெணறு இருக்கு. கல்லு பாவி மூடியிருக்கு. ஒரு தடவை இறங்கியிருக்கு. எப்ப விடும்னு தெரியாது."

சாமி துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்வரைக்கும் வந்து செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார்.

"எவ்வளவு சொல்லணும்னு கேட்டேனே, சாமி."

"எனக்குச் சொன்னீங்களே, அவ்வளவுதான்ணே. அந்தம்மா என்ன பாவம் பண்ணுச்சு?"

அன்று மத்தியானமே வடமலை மரியபுஷ்பத்தின் வீட்டைத் தேடிப் போனார். சின்ன வீடு. கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு குழந்தை ஈரத்தரையில் உட்கார்ந்து உளுந்துத் தொலியைப் பிசைந்து விளையாடிக்கொண்டிருந்தது.

"வாங்கய்யா," என்று அந்தம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பத்திரத்துக்கு நாள் பாத்துட்டீங்களா?"

"இல்லைம்மா. ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். கிணறு இருந்ததை, கல் பாவியதை, தரை இறங்கியதை, டைல்ஸ் ஒட்டியதை. ஒன்றையும் விடவில்லை.

மரியபுஷ்பம் போய்க் கிரைண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்தார்.

"அன்னைக்கு நான் அங்கதானே நின்னேன்."

"ஆமா."

"பிள்ளைங்க இந்த ஓரத்துல உக்காந்து படிக்கும்னு சொன்னேன். நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க."

வடமலை தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கே வாயத் திறந்திருக்கலாம்ல."

"திறந்திருக்கணும். தப்புத்தான்ம்மா."

அந்தம்மா ஈரத்தரையில் இருந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட வடமலைக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"போங்கய்யா. நான் யோசிக்கணும்."

விஷயம் தெரிந்து சின்னக்காளை வீட்டு வாசலில் வந்து குதித்தான். உங்களுக்கு வாய் சும்மாவே இருக்காதா என்றான். இனிமேல் இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன் என்றான். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான்.

வாரங்கள் போயின. யாரும் வரவில்லை. கிணற்று வீடு என்று டவுன் முழுக்கப் பேராகிவிட்டது. வடமலை மடத்துக்குப் போய் நின்றார்.

"சொல்லிட்டேன் சாமி."

"தெரியும்ணே."

"அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க போலருக்கு. இனிமே யாரும் வர மாட்டாங்க."

சாமி பாயை எடுத்து விரித்தார்.

"அப்ப என் தீட்சை?"

"வீடு இருக்கேண்ணே."

அதைச் சொல்லும்போது சாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வடமலைக்கு முதன்முதலாகக் குருவின் மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லு என்றதும் இவர்தான். சொன்னதற்குத் தண்டனை கொடுப்பதும் இவர்தானா? விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கோபத்தோடு சமையலறை வாசலில் உட்கார்ந்து பளபளக்கிற தரையையே முறைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு டெப்போ ஞாபகம் வந்தது. பிரேக் சரியில்லாத வண்டி வந்தால், முதல் வேலையாக முன்கண்ணாடியில் சாக்பீஸால் குறையை எழுதிவிடுவார். ராத்திரி ஷிஃப்டில் யாராவது தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. எழுதாமல் ஒரு வண்டியைக்கூட அவர் விட்டதில்லை. அப்படிப்பட்ட கை எப்படி இந்தத் தரையில் டைல்ஸ் ஒட்டியது என்று அவருக்கே விளங்கவில்லை.

எழுந்து போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். சுவரோரம் உட்கார்ந்து, கைக்கு எட்டின மட்டும் டைல்ஸைப் பெயர்த்தார். இறங்கின சிமென்ட் தரை வெளியே தெரிந்தது. சாக்பீஸைத் தேடி எடுத்து, பெரிய எழுத்தில், 'கீழே கிணறு. மிதிக்காதே' என்று எழுதினார். இனி யார் வந்தாலும் அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட் திறந்தது. மரியபுஷ்பம். கூடவே அவர் கணவரும், கயிறு கடப்பாரையோடு ஒரு கொத்தனாரும்.

வடமலை ஒன்றும் பேசாமல் சமையலறையைக் காட்டினார். மரியபுஷ்பம் தரையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதை யாருக்கு எழுதுனீங்க?"

"அடுத்து வர்றவங்களுக்கு."

"நாலு வீடு பாத்தேன்யா," என்றார் அவர். "எங்க போனாலும் எல்லாம் நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்குங்கிறாங்க. கேக்கக் கேக்க எனக்குப் பயம்தான் கூடுது. இந்த வீட்டுல எது சரியில்லைன்னு எனக்குத் தெரியும். அதைச் சரி பண்ணிக்கலாம். தெரியாததை என்ன பண்றது?"

"கிரைண்டரு?"

"முன்கூடத்துல போட்டுக்கறேன். மொதல்ல இதைத் திறந்து பாக்கணும். பாத்துட்டுத்தான் பத்திரம்."

"நியாயம்," என்றார் வடமலை.

கொத்தனார் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஓரத்திலிருந்து உடைத்தார். வடமலையும் அந்தம்மாவின் கணவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். நடுப் பலகை குறுக்கே முழுசாக விரிசல் விட்டிருந்தது. கடப்பாரை பட்டதும் இரண்டாகி உள்ளே போனது. கீழே போய்ச் சேர்ந்த சத்தம் வர நேரமாயிற்று. வந்தபோது அது தண்ணீரில் விழுந்த சத்தமாக இருந்தது.

நாலு கிரைண்டரையும் அந்த ஓரத்துப் பிள்ளைகளையும் எல்லோருமே நினைத்துக்கொண்டார்கள்.

மரியபுஷ்பம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, தன் அப்பா வயதிருந்த வடமலையின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும்யா."

நன்றி சொல்ல வேண்டியது நானல்லவா என்று வடமலைக்குத் தோன்றியது. இந்தம்மா வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போயிருக்கலாம். திரும்பி வந்து, அவரை இப்படி நிமிர்ந்து நிற்க வைத்துவிட்டார்.

கொத்தனார் வாளியை இறக்கி ஒரு வாளி தண்ணீர் சேந்தினார். கலங்கலாக, பாசி வாடையோடு இருந்தது.

"தூர் வாரணும்," என்றார் மரியபுஷ்பம். "குடிக்க ஆகாட்டியும் கிரைண்டர் கழுவலாம். லாரித் தண்ணிக்குக் காத்துக் கெடக்கிறது மிச்சம். சுத்திச் சுவர் வச்சுக் கம்பி வலை போட்டுடலாம்." பிறகு வடமலையிடம், "தூர்க்காம விட்டாங்களே உங்க வீட்டம்மா, அந்த மட்டும் புண்ணியவதி," என்றார்.

செங்கமலத்தை ஒருவர் அப்படிச் சொல்லிக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. வடமலை பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

பத்திரத்துக்கு நாள் குறித்தார்கள். வீடு, மனை, கிணறு உள்பட என்று எழுதச் சொன்னார் மரியபுஷ்பம்.

பதிவன்று விடிந்ததும் வடமலை மடத்துக்குப் போனார். நல்ல வேட்டி கட்டியிருந்தார். பத்திர ஆபீஸுக்குப் போகும் முன் சாமியிடம் ஆசி வாங்க வேண்டும், கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தார்.

அவர் குனிவதற்குள் சாமி தடுத்தார்.

"இருங்கண்ணே. மொதல்ல உக்காருங்க."

பாயில் உட்கார்ந்தார். சாமியும் எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க சாமி."

"பாத்தா தெரியாது. நான் சொன்னாத்தான் தெரியும்."

சாமி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்கிட்ட ஞானம் இருக்குன்னு நினைச்சுத்தான் வீட்டை வித்துட்டு வர்றீங்க. எனக்கு அது கெடைக்கலைண்ணே. ஓட்டல்ல எலை எடுத்துக்கிட்டு இருந்தேன். அம்மா செத்ததும் இங்க வந்து உக்காந்தேன். இன்னைக்கும் உக்காந்துதான் இருக்கேன். ஒண்ணும் தெரிஞ்சபாடில்லை. உக்கார மட்டும் தெரியும். சில நாள் அதுவும் முடியாது. சோறு எறங்காது. ஏன்டா வந்தோம்னு அழுதுக்கிட்டு கெடப்பேன்."

கொய்யா மரத்தில் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன.

"நீங்க வந்து சாமின்னு கூப்பிட்டீங்க. நல்லா இருந்துச்சு. அப்பிடியே விட்டுட்டேன். அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டு வந்து நின்னீங்கள்ல, அன்னைக்கே உங்க மூஞ்சியப் பாக்க முடியலை. வீட்டை விக்கச் சொன்னவன் நான். நான் சொல்லாம இருந்தா எப்பிடி?"

வடமலை தான் உட்கார்ந்திருந்த பாயை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்லை."

"சொன்னா எந்திரிச்சுப் போயிருவேன்னு பயமா இல்லையா?"

"இருக்குண்ணே."

வடமலை எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். அன்று வரை எத்தனையோ தடவை குருவின் காலில் விழுந்திருக்கிறார். எல்லாம் வழக்கத்துக்கு விழுந்தது என்று இப்போது தோன்றியது. விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க அவருக்கு நேரமாயிற்று.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார்.

"எங்கண்ணே போறீங்க?" என்றார் சாமி.

"பத்திர ஆபீஸுக்கு. நேரமாச்சு சாமி. சாயங்காலம் பெட்டியோட வந்துருவேன். எனக்கும் சேத்து உலை வச்சிருங்க."

அவர் கொய்யாத் தோப்பைத் தாண்டுவதற்குள் சாமி பின்னாலேயே ஓடி வந்தார். காலில் செருப்புக்கூட இல்லை.

"அண்ணே, ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடணும்? எனக்கு ஒரு ஆளுக்குத்தான் அளவு தெரியும்."